மந்த வாயுவை வைத்து எலக்ட்ரான் அமைப்பைச் சுருக்கி எழுதுவது: பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பதினோராம் வகுப்புக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். பாதிப் பேர் உள்ளூர்ப் பிள்ளைகள், தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டம். மீதிப் பேர் பாகூர், கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். அவர்களுக்குப் புதுச்சேரி நகரத்தைவிடக் கடலூர்தான் கிட்ட. பாடத்திட்டம் மட்டும் சிபிஎஸ்இ. புத்தகம் வேறாக இருந்தாலும் இந்தப் பாடத்தில் இரண்டு கூட்டமும் ஒரே இடங்களில்தான் மாட்டிக்கொள்கிறது. அந்தக் கேள்விகளையும் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஒரு விஷயம். இங்கே தனிமங்களின் பெயரையே எழுதுகிறேன்: [நியான்] 3எஸ்¹ என்பது போல. பரீட்சையில் பெயருக்குப் பதில் குறியீடு போடுங்கள். எஸ், பி, டி, எஃப் (துணைக்கூடுகளின் பெயர்கள்) எல்லாம் சிறிய எழுத்தில் இருக்க வேண்டும். முன்னால் வருகிற எண் கூட்டின் எண், மேலே வருகிற சின்ன எண் அதில் உள்ள எலக்ட்ரான் எண்ணிக்கை.

சுருக்கி எழுதுவது என்றால் என்ன?

சோடியத்துக்கு 11 எலக்ட்ரான். முழுதாக எழுதினால் 1எஸ்² 2எஸ்² 2பி⁶ 3எஸ்¹. இதில் முதல் மூன்று துண்டுகளும் சேர்ந்தால் 10. அது அப்படியே நியான் என்ற மந்த வாயுவின் (எளிதில் வினைபுரியாத வாயு) அமைப்பு. அதனால் அந்தப் பகுதியை [நியான்] என்று சதுர அடைப்புக்குள் வைத்துவிட்டு, மீதியை மட்டும் எழுதுகிறோம்: [நியான்] 3எஸ்¹.

பாகூரிலிருந்து முதல் முறை வருகிற பையனுக்கு வழி சொல்லும்போது, “கடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடு, அங்கிருந்து இப்படி வா” என்றுதான் சொல்கிறோம். அதுவரைக்கும் உள்ள வழி எல்லோருக்கும் தெரிந்தது. அடைப்புக்குள் இருப்பதும் அப்படித்தான். வினையில் பங்கெடுக்கிற எலக்ட்ரான்கள் அடைப்புக்கு வெளியேதான் இருக்கின்றன. சுருக்குவதால் இடம் மிச்சமாவது இரண்டாம்பட்சம். ஒரு தனிமம் எப்படி நடந்துகொள்ளும் என்பது ஒரே பார்வையில் தெரிவதுதான் இதன் உண்மையான பலன். லித்தியம் [ஹீலியம்] 2எஸ்¹, சோடியம் [நியான்] 3எஸ்¹, பொட்டாசியம் [ஆர்கான்] 4எஸ்¹. மூன்றும் ஏன் தண்ணீரைக் கண்டால் பாய்கின்றன என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமா?

எந்த மந்த வாயுவை எடுப்பது?

அணு எண்ணில் நம் தனிமத்துக்கு முன்னால் வருகிற கடைசி மந்த வாயு. ஹீலியம் 2, நியான் 10, ஆர்கான் 18, கிரிப்டான் 36, செனான் 54, ரேடான் 86. இந்த ஆறு எண்களையும் மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும், தப்பிக்க வழியில்லை. இந்தப் பாடத்தில் நான் மனப்பாடம் செய்யச் சொல்வது இது ஒன்றைத்தான்.

“கிட்ட இருக்கிறது” என்று பார்க்கக் கூடாது. குளோரின் 17, ஆர்கானுக்கு ஒன்றுதான் குறைவு. அதற்காக ஆர்கானை எடுக்க முடியாது, ஏனென்றால் குளோரினிடம் 18 எலக்ட்ரான் இல்லை. பின்னால் திரும்பி நியானுக்குத்தான் போக வேண்டும்: [நியான்] 3எஸ்² 3பி⁵.

அடைப்புக்குப் பிறகு எதிலிருந்து ஆரம்பிப்பது? அந்த மூலைவிட்ட அம்புக்குறிப் படத்தை வரைந்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். அந்தப் படம் தப்பில்லை. ஆனால் அதை வரைவதற்கே இரண்டு நிமிடம் போகும். ஒரு அம்பு தவறினால் எல்லாம் போச்சு. தனிம வரிசை அட்டவணையே அந்தப் படம்தான். அதைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

மந்த வாயு ஒரு வரிசையின் வலது ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு அடுத்த வரிசையின் இடது ஓரத்துக்கு வாருங்கள். அந்த வரிசை எண்தான் எஸ்-இன் எண். ஆர்கான் மூன்றாவது வரிசையில் முடிகிறது, ஆகவே அடுத்தது 4எஸ். செனான் ஐந்தாவதில் முடிகிறது, அடுத்தது 6எஸ். அங்கிருந்து நம் தனிமம் வரை கட்டம் கட்டமாக எண்ணிக்கொண்டு போங்கள். எஸ் பிளாக்கில் 2 கட்டம், டி பிளாக்கில் 10, பி பிளாக்கில் 6, எஃப் பிளாக்கில் 14. எஸ், பி இரண்டுக்கும் வரிசை எண்ணே எண். டி-க்கு வரிசை எண்ணில் ஒன்று குறைக்க வேண்டும், எஃப்-க்கு இரண்டு.

புரோமினைப் பார்ப்போம். அணு எண் 35, நான்காவது வரிசை. முன்னால் ஆர்கான், 18. எஸ் பிளாக் முழுதும் கடந்தாயிற்று: 4எஸ்². டி பிளாக் முழுதும்: 3டி¹⁰. பி பிளாக்கில் ஐந்தாவது கட்டம்: 4பி⁵. ஆக [ஆர்கான்] 3டி¹⁰ 4எஸ்² 4பி⁵. கூட்டிப் பார்த்தால் 18 + 10 + 2 + 5 = 35. சரி.

ஈயம் 82. பார்க்கப் பயமாக இருக்கும், அவ்வளவுதான். முன்னால் செனான், 54. ஆறாவது வரிசை, ஆகவே 6எஸ்², 4எஃப்¹⁴, 5டி¹⁰, பி பிளாக்கில் இரண்டாவது கட்டம் 6பி². [செனான்] 4எஃப்¹⁴ 5டி¹⁰ 6எஸ்² 6பி². கூட்டினால் 82. இந்த இடத்தில் எஃப்-ஐ மறப்பவர்கள் அதிகம், ஏனென்றால் அட்டவணையில் அந்த 14 கட்டங்களைக் கீழே தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். விடையைக் கூட்டிப் பார்க்கிற பழக்கம் இருந்தால் 14 குறைவது உடனே தெரிந்துவிடும்.

சார், 4எஸ் முதலில் எழுதணுமா, 3டி முதலில் எழுதணுமா? ஒவ்வொரு புத்தகத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கு.

இரண்டும் சரி. [ஆர்கான்] 4எஸ்² 3டி⁶ என்றாலும் [ஆர்கான்] 3டி⁶ 4எஸ்² என்றாலும் அது இரும்புதான். முன்னது நிரப்புகிற வரிசை, பின்னது கூட்டின் எண் வரிசை. ஆனால் எதை எழுதப் பழகுவது என்று கேட்டால், கொஞ்சமும் யோசிக்காமல் இரண்டாவதைச் சொல்வேன். காரணம் அடுத்த கேள்வியில் வருகிறது.

அதற்கு முன்னால், 4எஸ் ஏன் முதலில் நிரம்புகிறது என்பதையும் பார்த்துவிடலாம். என் + எல் விதியில் என் (n) என்பது கூட்டின் எண், எல் (l) என்பது துணைக்கூட்டின் எண்: எஸ் 0, பி 1, டி 2, எஃப் 3. அதன்படி 4எஸ்-க்கு 4 + 0 = 4, 3டி-க்கு 3 + 2 = 5. கூட்டுத்தொகை குறைவானது முதலில் நிரம்பும். தொகை சமமாக வந்தால் என் மதிப்பு குறைவானது முதலில். அதனால்தான் பொட்டாசியத்தின் பத்தொன்பதாவது எலக்ட்ரான் 3டி-யை விட்டுவிட்டு 4எஸ்-இல் போய் உட்காருகிறது. 4எஸ் எலக்ட்ரான் அணுக்கருவுக்கு அருகிலும் ஊடுருவிப் போய்வரும், அதனால் அதற்கு ஈர்ப்பு நன்றாகக் கிடைக்கிறது. ஆனால் ஸ்கேண்டியத்திலிருந்து கதை மாறுகிறது. அணுக்கருவின் மின்சுமை கூடக் கூட 3டி உள்ளே இழுக்கப்பட்டு, ஆற்றலில் 4எஸ்-ஐவிடக் கீழே போய்விடுகிறது. நிரப்பும் விதி எப்படி நிரப்புவது என்று மட்டும்தான் சொல்கிறது. எது முதலில் வெளியேறும் என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது.

அயனிக்கு எழுதும்போது ஏன் தப்பாகிறது?

மார்க் போகிற முக்கியமான இடம் இதுதான், அதனால் நிதானமாகப் பார்க்கலாம்.

தேவனாம்பட்டினம் பக்கம் வீடு இருப்பவர்களுக்குக் கேட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உப்புக்காற்றில் எவ்வளவு பெயின்ட் அடித்தாலும் கம்பியின் அடிப்பக்கம் செதில் செதிலாகப் பெயர்ந்து வரும். அந்தத் துருவில் இருப்பது இரும்பு(3+), அதாவது மூன்று எலக்ட்ரானை இழந்த இரும்பு அயனி. அதன் அமைப்பு என்ன என்று வகுப்பில் கேட்டால், நாலைந்து பேராவது [ஆர்கான்] 4எஸ்² 3டி³ என்று எழுதுவார்கள். கடைசியாக நிரப்பியதைக் கடைசியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவர்கள் கண்ணோட்டத்தில் நியாயம்தான், ஆனால் தவறு.

எலக்ட்ரான் வெளியேறும்போது என் மதிப்பு அதிகமான கூட்டிலிருந்துதான் முதலில் போகும். இரும்பு: [ஆர்கான்] 3டி⁶ 4எஸ்². இரண்டு எலக்ட்ரான் போனால் 4எஸ் காலி. இரும்பு(2+) என்பது [ஆர்கான்] 3டி⁶. இன்னொன்று போனால் இரும்பு(3+) என்பது [ஆர்கான்] 3டி⁵. கூட்டின் எண் வரிசையில் எழுதியிருந்தால், வலது ஓரத்திலிருந்து அழித்துக்கொண்டே வந்தால் விடை தானாக வரும். அதற்காகத்தான் அந்த முறையில் பழகச் சொன்னேன்.

நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். இரும்பு(2+)-க்கு 24 எலக்ட்ரான். குரோமியம் அணுவுக்கும் 24. அப்படியானால் இரண்டுக்கும் ஒரே அமைப்புதானே? இல்லை. குரோமியம் [ஆர்கான்] 3டி⁵ 4எஸ்¹, இரும்பு(2+) [ஆர்கான்] 3டி⁶. எலக்ட்ரான் எண்ணிக்கை ஒன்றுதான் என்றாலும், இரும்பின் கருவில் 26 புரோட்டான், குரோமியத்தில் 24. கூடுதல் இழுப்பில் 3டி இன்னும் கீழே போகிறது. அதனால் அயனிக்கு எழுதும்போது எலக்ட்ரான் எண்ணிக்கையை மட்டும் பார்த்து அட்டவணையில் வேறு தனிமத்தைத் தேடிப் போகக் கூடாது. முதலில் நடுநிலை அணுவை எழுதுங்கள், பிறகு எடுங்கள்.

எதிர்மின் அயனியில் இந்தச் சிக்கல் கிடையாது. சேர்த்துக்கொண்டு போனால் போதும். மரக்காணம் உப்பளத்து உப்பை எடுத்துக்கொண்டால், சோடியம்(1+) வெறும் [நியான்], குளோரைடு(1−) வெறும் [ஆர்கான்]. அடைப்புக்கு வெளியே ஒன்றுமே இல்லை. சல்ஃபைடு(2−), பொட்டாசியம்(1+), கால்சியம்(2+) மூன்றும்கூட [ஆர்கான்]தான். ஆனால் எல்லா அயனியும் இப்படி முடியும் என்று எதிர்பார்க்காதீர்கள். துத்தநாகம்(2+) [ஆர்கான்] 3டி¹⁰-இல் நின்றுவிடும்.

குரோமியமும் செம்பும் மட்டும் ஏன் விதியை மீறுகின்றன?

முதலில் விடை. குரோமியம் [ஆர்கான்] 3டி⁵ 4எஸ்¹. செம்பு [ஆர்கான்] 3டி¹⁰ 4எஸ்¹. பரீட்சைக்கு எழுத வேண்டிய காரணம்: சரிபாதி நிரம்பிய டி துணைக்கூடும் முழுதும் நிரம்பிய டி துணைக்கூடும் கூடுதல் நிலைப்புத்தன்மை உடையவை, சமச்சீர்மையும் பரிமாற்ற ஆற்றலும் (ஒரே சுழற்சி உள்ள எலக்ட்ரான்கள் தங்களுக்குள் இடம் மாறிக்கொள்ள முடிவதால் கிடைக்கும் நிலைப்பு) காரணம். இப்படி எழுதினால் முழு மார்க்.

ஆனால் “மட்டும்” என்பது சரியில்லை. நான்காவது வரிசையில்தான் இரண்டு. கீழே போனால் கூட்டமே இருக்கிறது. நையோபியம் [கிரிப்டான்] 4டி⁴ 5எஸ்¹. இங்கே பாதியும் இல்லை, முழுதும் இல்லை. பல்லேடியம் [கிரிப்டான்] 4டி¹⁰. ஐந்தாவது வரிசைத் தனிமம், ஆனால் ஐந்தாவது கூட்டில் ஒரு எலக்ட்ரான்கூட இல்லை. பிளாட்டினம் [செனான்] 4எஃப்¹⁴ 5டி⁹ 6எஸ்¹. குரோமியத்துக்கு நேர் கீழே உள்ள மாலிப்டினம் [கிரிப்டான்] 4டி⁵ 5எஸ்¹ என்று குரோமியம் வழியிலேயே போகிறது. அதற்கும் கீழே உள்ள டங்ஸ்டனோ [செனான்] 4எஃப்¹⁴ 5டி⁴ 6எஸ்² என்று ஒழுங்காக நிற்கிறது. சரிபாதி நிலைப்புத்தன்மைதான் ஒரே காரணம் என்றால் டங்ஸ்டனும் அல்லவா மாறியிருக்க வேண்டும்? டி, எஸ் இரண்டின் ஆற்றலும் மிக அருகருகே இருப்பதால், எலக்ட்ரான்களுக்கு இடையிலான விலக்கம், பரிமாற்ற ஆற்றல் என்று பல விஷயங்கள் சேர்ந்து முடிவு செய்கின்றன. புத்தகக் காரணம் அதில் ஒரு பகுதி.

பதினோராம் வகுப்புக்கு குரோமியம், செம்பு, மாலிப்டினம், வெள்ளி, தங்கம் தெரிந்தால் போதும். வெள்ளி [கிரிப்டான்] 4டி¹⁰ 5எஸ்¹, தங்கம் [செனான்] 4எஃப்¹⁴ 5டி¹⁰ 6எஸ்¹.

இந்த 3டி எண்ணிக்கை தெரிந்து என்ன ஆகப்போகிறது?

நிறம் தெரியும். புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுக் கண்ணாடி மணிகள் இருக்கின்றன. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்வாராய்ச்சி நடத்திய இடம். போனால் மணிகளின் நிறத்தைக் கவனித்துப் பாருங்கள். பழங்காலக் கண்ணாடியில் அடர்நீலத்துக்குக் கோபால்ட்டும், பச்சை கலந்த நீலத்துக்குச் செம்பும் சேர்ப்பது வழக்கம். கோபால்ட் [ஆர்கான்] 3டி⁷ 4எஸ்², ஆகவே கோபால்ட்(2+) [ஆர்கான்] 3டி⁷. செம்பு(2+) [ஆர்கான்] 3டி⁹. இரண்டிலும் டி ஆர்பிட்டால்களில் இடம் மிச்சம் இருக்கிறது. எலக்ட்ரான் ஒளியை உறிஞ்சி ஒரு டி-யிலிருந்து இன்னொரு டி-க்குத் தாவ முடியும், அதனால் நிறம். செம்பு(1+) [ஆர்கான்] 3டி¹⁰. தாவ இடமில்லை, அதனால் அந்த வகையில் நிறம் வராது. துத்தநாகம்(2+) சேர்மங்கள் பெரும்பாலும் வெள்ளையாக இருப்பதும் இதனால்தான்.

“அப்படியென்றால் செம்பு வைத்து எடுக்கிற செங்கல் சிவப்பு மணி?” என்று ஒரு பெண் கேட்டாள். நல்ல கேள்வி. அது அயனியின் நிறம் இல்லை. காற்று குறைந்த உலையில் செம்பு உலோகமாகவோ செம்பு(1+) ஆக்சைடாகவோ நுண்துகளாகக் கண்ணாடிக்குள் பிரிந்து நிற்கிறது; சிவப்பு அந்தத் துகள்களிலிருந்து வருவது.

லாந்தனைடுகளுக்கு எப்படி?

பொதுவாக [செனான்] 4எஃப் ஏதோ ஒரு எண், 6எஸ்². நியோடைமியம் 60: [செனான்] 4எஃப்⁴ 6எஸ்². நான்கு இடங்களில் மட்டும் 5டி¹ நுழையும். லாந்தனம் [செனான்] 5டி¹ 6எஸ்², சீரியம் [செனான்] 4எஃப்¹ 5டி¹ 6எஸ்², கடோலினியம் [செனான்] 4எஃப்⁷ 5டி¹ 6எஸ்², லுட்டீஷியம் [செனான்] 4எஃப்¹⁴ 5டி¹ 6எஸ்². ஆக்டினைடுகளில் யுரேனியம் [ரேடான்] 5எஃப்³ 6டி¹ 7எஸ்². மணவாளக்குறிச்சி மணலில் உள்ள தோரியம் [ரேடான்] 6டி² 7எஸ்². எஃப் பிளாக்கில் உட்கார வைத்திருக்கிறோம், எஃப் எலக்ட்ரான் ஒன்றுகூடக் கிடையாது. இதை ஒன்றும் செய்ய முடியாது, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

காலியத்துக்கு [துத்தநாகம்] 4பி¹ என்று எழுதலாமா? இன்னும் சின்னதாகிறதே!

எழுதக் கூடாது. மந்த வாயுவுக்கு மட்டும்தான் இந்த உரிமை. துத்தநாகத்தின் 4எஸ் எலக்ட்ரான்கள் வினையில் இறங்குபவை. காலியம்(3+) உருவாகும்போது 4பி-யோடு அந்த 4எஸ்² இரண்டும் சேர்ந்துதான் போகின்றன. அவற்றை அடைப்புக்குள் பூட்டினால் சுருக்கத்தின் அர்த்தமே போய்விடும். காலியம் [ஆர்கான்] 3டி¹⁰ 4எஸ்² 4பி¹.

மந்த வாயுவுக்கே சுருக்கம் கேட்டால்?

முந்தைய மந்த வாயுவிலிருந்து எழுதுங்கள். ஆர்கான் [நியான்] 3எஸ்² 3பி⁶. ஆர்கானுக்கு [ஆர்கான்] என்று எழுதினால், “உன் பேர் என்ன?” என்பதற்கு “என் பேர்தான்” என்கிற பதில். ஹைட்ரஜனுக்கும் ஹீலியத்துக்கும் முன்னால் யாரும் இல்லை. 1எஸ்¹, 1எஸ்² என்று முழுதாகத்தான் எழுத முடியும்.

மெண்டலீவ் போட்ட அட்டவணையிலேயே மந்த வாயுக்கள் இருந்தனவா?

இல்லை. 1869-இல் அவர் வெளியிட்டபோது அப்படி ஒரு தொகுதியே கிடையாது. ஆனால் முதல் துப்பு அதற்கு முந்தைய ஆண்டே, நம் பக்கத்து ஆந்திராவில் கிடைத்துவிட்டது. 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தைக் குண்டூரில் இருந்து பார்த்தவர் பிரெஞ்சுக்காரரான ஜான்சன். அந்தச் சமயத்தில் சூரிய ஒளிச்சுடரின் நிறமாலையில் பதிவான ஒரு மஞ்சள் கோடு சோடியத்தின் கோட்டோடு ஒத்துப்போகவில்லை. இங்கிலாந்தில் லாக்கியர் அதைப் புதுத் தனிமம் என்றார், அதுதான் ஹீலியம். பூமியில் அதை ராம்சே பிரித்துக் காட்டியது 1895-இல். அதற்கு ஒரு வருடம் முன்பே ராலேயும் ராம்சேயும் ஆர்கானைக் கண்டுவிட்டார்கள். காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன், சேர்மங்களிலிருந்து எடுத்த நைட்ரஜனைவிடக் கொஞ்சம் கனமாக இருந்ததைப் பிடித்துக்கொண்டு போனதில் கிடைத்தது அது. 1898-இல் ராம்சேயும் டிராவர்ஸும் கிரிப்டான், நியான், செனான் மூன்றையும் ஒரே வருடத்தில் பிரித்தார்கள். அந்த டிராவர்ஸ்தான் பின்னால் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இயக்குநர்.

118-க்கு மேல் எப்படி எழுதுவது?

118 ஒகனெசான்: [ரேடான்] 5எஃப்¹⁴ 6டி¹⁰ 7எஸ்² 7பி⁶. இது கணக்கீட்டில் வந்தது. 119 இன்னும் உருவாக்கப்படவில்லை. உருவானால் [ஒகனெசான்] 8எஸ்¹ என்று எதிர்பார்க்கலாம்.

பரீட்சையில் சுருக்கி எழுதினால் மார்க் குறைப்பார்களா?

கேள்வியில் முழு அமைப்பு என்று கேட்டிருந்தால் முழுதாக எழுதுங்கள். “எலக்ட்ரான் அமைப்பு” என்று மட்டும் இருந்தால் சுருக்கம் போதும். குவாண்டம் எண்களோ, மொத்தம் எத்தனை எஸ் எலக்ட்ரான் என்றோ கேட்டால் அடைப்புக்குள் இருப்பதையும் விரிக்க வேண்டியிருக்கும். ஜோடி சேராத எலக்ட்ரானை எண்ண அடைப்பைத் திறக்கவே தேவையில்லை. உள்ளே எல்லாம் ஜோடியாகத்தான் இருக்கும்.

பழக நாலு கணக்கு கொடுங்க சார்.

செலீனியம் 34, அயோடின் 53, நிக்கல்(2+), பாதரசம் 80. விடையை மறைத்துக்கொண்டு போடுங்கள். செலீனியம் [ஆர்கான்] 3டி¹⁰ 4எஸ்² 4பி⁴. அயோடின் [கிரிப்டான்] 4டி¹⁰ 5எஸ்² 5பி⁵. நிக்கல்(2+) [ஆர்கான்] 3டி⁸. 4எஸ்² 3டி⁶ என்று வந்திருந்தால் அயனி கேள்விக்கு மறுபடி போங்கள். பாதரசம் [செனான்] 4எஃப்¹⁴ 5டி¹⁰ 6எஸ்².